வலது கைப் பாதுகாப்பு உபகுழு

ஒரு நாளைக்கு மூன்று பேனருக்கு மேல் செய்ய முடியாது என்று பரந்தாமன் அட்டையில் எழுதித் தொங்கவிட்ட அன்றைக்குத்தான் அவனுடைய கடையில் முதல் மண்டை உடைந்தது.

அதற்கு முன் திருத்தணி மண்டை உடைபடாத ஊர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குழாயடியில் உடைந்திருக்கிறது, வரப்புத் தகராறில் உடைந்திருக்கிறது, கல்யாணப் பந்தியில் அப்பளம் வராததற்குக்கூட உடைந்திருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் கீபோர்டால் உடைந்தது அதுவே முதல் தடவை. நாகரிகம் வளர்ந்தால் எல்லாம்தான் வளரும்.

அது 2006ஆம் வருஷம். ஃபிளெக்ஸ் பேனர் ஊருக்குள் நுழைந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. பரந்தாமன் கே.ஜி.கண்டிகைக்காரன். வீட்டுக் கத்தரித் தோட்டத்தை விட்டுவிட்டு, சென்னையில் ஆறு மாதம் போட்டோஷாப் படித்துவிட்டு வந்து, அரக்கோணம் சாலையில் ஓர் உரக்கடை மாடியில் ஒற்றைக் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தான். சம்பளம் கொடுப்பவரும் இல்லை, அதட்டுபவரும் இல்லை. தனக்குத் தானே முதலாளி. வருகிறவர்கள் தலையைக் கொண்டுவருவார்கள், அதாவது பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை. அவன் அந்தத் தலையைக் கம்ப்யூட்டரில் வெட்டி, ஒரு வெள்ளைச் சட்டை உடம்பில் ஒட்டி, பின்னால் மலைக்கோயில் கோபுரத்தையும் பக்கத்தில் ஒரு சிங்கத்தையும் நிறுத்துவான். சிடியில் ஏற்றிக் காலை ரயிலில் சென்னைக்கு அனுப்பினால் சாயங்காலம் பத்தடிக்கு எட்டடியில் அச்சாகி வந்துவிடும்.

அப்புறம் என்ன, ஊரே தன் முகத்தைப் பார்த்துச் சொக்கிப்போயிற்று. காதுகுத்துக்குப் பேனர், மஞ்சள் நீராட்டுக்குப் பேனர், கண்ணீர் அஞ்சலிக்குப் பேனர், புது டிராக்டருக்குப் பேனர், ஜாமீனில் வெளியே வந்த சிங்கத்துக்கு வரவேற்புப் பேனர். நகரி, புத்தூர்ப் பக்கமிருந்து தெலுங்கிலும் கேட்டு வந்தார்கள். படிக்கட்டில் ஆள் நின்று, உரக்கடை வாசலில் நின்று, எதிர்ப்பக்க டீக்கடை வரைக்கும் நின்றது. பரந்தாமன் குளிக்கப் போனால் கதவைத் தட்டி, "தலைவா, கண்ணு மூடிகினு கீற போட்டோ குடுத்துட்டேன், தொறந்து வுட்டுடு" என்றார்கள்.

ஆறாவது மாதம் அவனுடைய வலது மணிக்கட்டு வீங்கியது. மனைவி தமயந்தி விளக்கெண்ணெய் போட்டாள், ஒத்தடம் கொடுத்தாள், வீக்கம் வடியவில்லை. அரக்கோணத்து எலும்பு டாக்டர் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நரம்பு நசுங்கிகினு இருக்குதுப்பா. ஒரு நாளைக்கு மூணு மணி நேரம், அதுக்கு மேல மௌஸைப் புடிக்காத. புடிச்சீன்னா இந்தக் கை சோறு பிசையக்கூட ஒதவாது."

ஒரு பேனருக்கு ஒரு மணி நேரம். ஆகவே மூன்று பேனர். பரந்தாமனுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். கையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், வேறு ஆசை எதுவும் அவனுக்கு இல்லை. அட்டையை எழுதி மாட்டிவிட்டான்.

முதல் இரண்டு பேர் ஒழுங்காக வந்து ஒழுங்காகப் போனார்கள். மூன்றாவது இடத்துக்குக் கோதண்டமும் சடகோபனும் ஒரே நேரத்தில் படியேறினார்கள். கோதண்டத்துக்கு நான்கு மணல் லாரி. சடகோபன் மார்க்கெட் குத்தகைக்காரர். கோதண்டத்தின் அக்காவைக் கட்டியவர். இரண்டு பேருமே வரப்போகிற உள்ளாட்சித் தேர்தலில் ஒரே வார்டுக்கு நிற்கப்போகிறவர்கள்.

"பாவா, நான்தான் முந்தி வந்தேன். வழிய வுடு" என்றார் கோதண்டம்.

"உன் அக்காளக் கட்டிகினு முப்பது வருசமா கஷ்டப்படறேன். ஒரு பேனர்ல முந்தக்கூடாதா நான்?" என்றார் சடகோபன்.

"கோச்சிக்காத பாவா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் கோதண்டம் கீபோர்டைத் தூக்கினார். சடகோபனுக்கு நான்கு தையல். கீபோர்டில் பதினோரு எழுத்து போயிற்று.

மண்டை உடைந்த இடத்தில் குழு முளைப்பது நம் ஊர் வழக்கம். இரண்டே நாளில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெரியவர்கள் கூடி, 'திருத்தணி வட்டாரப் பதாகை முறைமைக் குழு' என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். தலைவர் பெருமாள். அரசாங்க வேலையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் காபி கேட்டால்கூடக் கோரிக்கையை எழுத்தில் வைப்பவர். காரியதரிசி தணிகாசலம். மீதி ஐந்து உறுப்பினர்களில் அடித்த கோதண்டம் ஒருவர், அடிபட்ட சடகோபன் ஒருவர். இரண்டு பக்கமும் இருந்தால்தானே நடுநிலை.

பெருமாள் பேசினார். "அன்பர்களே, இந்தத் தம்பியின் கையைக் காப்பாத்தறதுதான் நம்ம முதல் கடமை. ஏன்னா, அவர் கை இருந்தாத்தான் நம்ம மூஞ்சி இருக்கும். என் சர்வீஸ்ல நான் ஒருத்தருக்கும் எந்தக் காரியத்தையும் முடிச்சுக் குடுத்தது கிடையாது. ஆனா ஒருத்தரையும் வரிசையை மீற வுட்டதும் கிடையாது!" மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். பரந்தாமனும் தட்டினான், இடது கையால் தொடையில். நமக்காக இத்தனை பெரிய மனிதர்கள் கூடியிருக்கிறார்களே என்று அவனுக்குக் கண்கூடக் கலங்கியது. பாவம்.

அன்று போட்ட தீர்மானங்கள் சுருக்கமாக இவை. நாளுக்கு மூன்று என்பது அப்படியே இருக்கும். ஆனால் சாவு, காயம், மங்கலம், பொதுநலம் என்று மனுக்கள் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வகையிலும் மூன்று. சாவுக்கு முதலிடம். அதற்கு அடுத்தபடி, காயம்பட்டுத் தேறியவர்களை வரவேற்கும் பேனர். இது சடகோபன் கேட்டு வாங்கிய சலுகை. குறைந்தது மூன்று தையலாவது இருக்க வேண்டும். எல்லாப் பேனரிலும் அடியில் குழுவினர் ஏழு பேரின் தலைகளும் வரிசையாக வர வேண்டும். தலைவர் தலை எலுமிச்சம்பழ அளவு, மற்றவர்கள் தலை நெல்லிக்காய் அளவு. மறுநாளிலிருந்து திருத்தணியில் யார் செத்தாலும் அவர்கள் காலடியில் ஏழு பேர் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் இருந்தது சிரித்த போட்டோதான்.

நம் மக்கள் சட்டத்தை மதிக்கமாட்டார்கள் என்று யார் சொன்னது? வரிக்கு வரி படித்தார்கள். மகள் மஞ்சள் நீராட்டுக்கு மங்கல வகையில் மனுப் போட்டால் இரண்டு மாதம் ஆகும். அதற்குள் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமே ஆகிவிடும் போலிருந்தது. காய வகையில் போட்டால் நாளைக்கே கிடைக்கும். தாய்மாமனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தலையில் துண்டைப் போட்டு, உலக்கையால் ஒன்று வைத்தார்கள். மூன்று தையல். 'காயத்திலிருந்து மீண்டு வந்து மருமகளின் விழாவைச் சிறப்பிக்கும் தாய்மாமனே வருக' என்று பேனர் வைத்தாயிற்று. சீரும் ஆச்சு, செலவும் மிச்சம்.

ஒரு கம்பவுண்டர் மூன்று தையல், நான்கு தையல் என்று பொய்ச் சான்று எழுதிக் கொடுக்க ஆரம்பித்தான். குழு கொதித்தது. உடனே கூடி, இனிமேல் சான்று செல்லாது, காயத்தை நேரில் காட்ட வேண்டும், காயம் ஈரமாக இருக்க வேண்டும் என்று திருத்தம் போட்டது. அப்புறம் வீட்டில் அடித்து அழைத்துவந்தால் வழியில் உலர்ந்துபோகிறது என்று படிக்கட்டிலேயே காரியத்தை வைத்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பியை அடித்தான், முதலாளி டிரைவரை அடித்தார், மச்சானும் மச்சானும் ஆளுக்கொரு கட்டையோடு வந்து யார் தலை என்று பூவா தலையா போட்டுப் பார்த்தார்கள். ஒருவன் கையில் அரிவாள் வெட்டோடு ஓடிவந்து, "சீக்கிரம் பாருங்க சார், காஞ்சிரப் போவுது" என்று காயம் பார்க்க உட்கார்ந்திருந்த குழு உறுப்பினரிடம் கெஞ்சினான். உரக்கடைக்காரர் தினம் காலையில் படிகளில் மணல் தூவிவிட்டுத்தான் கடையைத் திறப்பார். மணல், கோதண்டத்தின் லாரியில் வந்தது.

மேலே உட்கார்ந்திருந்த பரந்தாமனுக்கு ஒவ்வோர் அலறலும் கேட்கும். ஆனால் திரும்பிப் பார்க்க நேரமில்லை. நாளுக்குப் பன்னிரண்டு பேனர். பேனருக்கு ஏழு தலை கூடுதல். ஒவ்வொரு தலைக்காரரும் வந்து தன் தலையை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டுப் போவார். கை முழங்கை வரைக்கும் வீங்கியது. தாங்க முடியாமல் ஒரு நாள் பெருமாள் வீட்டுக்குப் போனான்.

"சார், முடியல சார். பன்னெண்டு பேனர் சார். கை எரியுது."

"பன்னெண்டுன்னு யாருப்பா சொன்னது? தீர்மானத்துல மூணுன்னுதானே கீது. நாலு மூணு. அதை நீயா கூட்டிப் பார்த்துட்டு பன்னெண்டுன்னா, அது உன் தப்பு."

"எனக்கு இந்தத் தொழிலே வேணாம் சார். நான் போய்க் கத்தரிக்கா போட்டுக்கறேன்."

பெருமாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ போப்பா, தாராளமா போ. கை போகக்கூடாது. ஊர் மூஞ்சி பூரா அந்தக் கையிலதான் கீது. அது இனிமே உன் கை இல்ல, பொதுக் கை."

அன்று மாலையே 'வலது கைப் பாதுகாப்பு உபகுழு' உருவானது. கோதண்டம் ஆட்கள் இரண்டு, சடகோபன் ஆட்கள் இரண்டு, ஆளுக்கொரு பிரம்பு. வலது கையின் மேல் ஈ உட்காரக்கூடாது என்பது அவர்களுக்கு இட்ட கட்டளை. மற்றபடி வேலை தாமதமானால் கண்டிக்கலாம். அவர்கள் சட்டப்படிதான் நடந்தார்கள். பத்து மணிக்கு முடிய வேண்டிய பேனர் பத்தேகாலுக்கு முடிந்தால் முதுகில் நான்கு, பத்தரைக்கு முடிந்தால் பிடரியில் ஆறு. ஒரு தடவைகூட வலது கையில் பிரம்பு பட்டதில்லை. அடிக்கும்போது ஒருவன் அந்தக் கையைப் பத்திரமாக ஒரு தலையணையில் எடுத்து வைத்துக்கொள்வான். அடித்து முடித்ததும், "தலைவா, கைக்கு ஒண்ணும் இல்லியே?" என்று அக்கறையாக விசாரிப்பான்.

தமயந்தி அவன் முதுகைப் பார்த்தாள். பிறகு பெட்டியைக் கட்டினாள்.

"மணவூர்ல எங்க நைனா வூடு கீது. ரெண்டு எருமை கீது. போயிடலாம், வாங்க."

ரயில்வே ஸ்டேஷனில் வண்டி வந்து நிற்கும்போது நான்கு பிரம்பும் வந்து நின்றன. "அண்ணி, நீங்க போய்ட்டு வாங்க. அண்ணனும் வேணும்னா வரட்டும். கை மட்டும் ஊர் எல்லைய தாண்டக்கூடாதுன்னு தீர்மானம்" என்றான் ஒருவன். கையை விட்டுவிட்டு அண்ணன் எப்படி வருவது என்று தமயந்தி கேட்டாள். அதைப் பற்றித் தீர்மானத்தில் எதுவும் இல்லை என்றான்.

அந்தச் சமயத்தில்தான் பரந்தாமன் ஒரு தப்பைச் செய்தான். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு உடம்பு தேட நேரமில்லை. தானே ஒரு நாள் வெள்ளை வேட்டி சட்டையில் கும்பிட்ட கையோடு நின்று, தமயந்தியிடம் படமெடுக்கச் சொன்னான். அதற்கப்புறம் யார் தலை வந்தாலும் அந்த உடம்பின் மேல்தான் உட்கார்ந்தது. ஊரில் உள்ள அத்தனை பெரிய மனிதர்களும் கத்தரித் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த உடம்போடு முச்சந்திகளில் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். அந்த உடம்புக்குக் கிரேனில் மாலை போட்டார்கள், பால் ஊற்றினார்கள். அதே உடம்பு உரக்கடை மாடியில் பிரம்படி வாங்கிக்கொண்டிருந்தது.

ஆடிக்கிருத்திகைக்கு முதல் நாள். காவடிக் கூட்டம் ஊரை நிறைத்திருந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே சாலையின் இந்தப் பக்கம் கோதண்டம், அந்தப் பக்கம் சடகோபன், இருபதடி உயரத்துக்கு. இரண்டு பேரும் தத்தம் ஆட்களோடு வந்து தங்களைத் தாங்களே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூக்கடை எல்லம்மாள் பூவைக் கட்டியபடியே சும்மா இருக்காமல் வாயைத் திறந்தாள்.

"இன்னாய்யா இது? தல மட்டும்தான் வேற, மத்ததெல்லாம் ஒண்ணாக்கீது. ரெண்டு பேரு சொக்காயிலயும் மூணாவது பித்தான் இல்ல, ஊக்குதான் குத்திகீது."

எல்லோரும் பார்த்தார்கள். ஆமாம், ஊக்கு.

"பாவா, என் ஒடம்ப எடுத்துப் போட்டுகினியா?"

"உன் ஒடம்பா? உனக்கு ஏதுடா இவ்ளோ நல்ல ஒடம்பு?"

பேனர் கட்டிய சவுக்குக் கட்டைகள் உருவப்பட்டன. ஒருவனுக்குத் தாடை போயிற்று, ஒருவனுக்குக் காது போயிற்று, தேங்காய்க் கடையில் இருந்த தேங்காயெல்லாம் சாமிக்குப் போகாமல் மண்டைக்குப் போயின. அரைமணி நேரம் அடித்துக்கொண்ட பிறகு யாரோ, "அவனையே கேட்டுடலாம்" என்றார்கள். இருநூறு பேர் ரத்தம் ஒழுக உரக்கடை மாடி ஏறினார்கள்.

பரந்தாமன் பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்கு வரவில்லை. "அது என் ஒடம்புங்க" என்றான்.

"அப்போ ஊர் பூரா நான் உன் மேலயா ஒக்காந்துகினு கீறேன்?" என்று கேட்டார் கோதண்டம். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மாமனும் மச்சானும் ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரே பக்கம் நின்று அவன்மேல் பாய்ந்தார்கள். காலைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார்கள். கூட்டமும் சேர்ந்து இழுத்தது.

உபகுழு அப்போதுதான் தன் கடமையைச் செய்தது. நான்கு பேரும் பிரம்பைப் போட்டுவிட்டு வலது கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். எக்காரணத்தைக் கொண்டும் கையை விடக்கூடாது என்று தீர்மானம். உடம்பைக் கூட்டம் வாசலுக்கு இழுக்க, கையை உபகுழு மேஜைப் பக்கம் இழுக்க, பரந்தாமன் போட்ட அலறல் கீழே காவடி மேளத்தையும் மீறிக் கேட்டது. "வுடுங்கடா, வுடுங்கடா" என்று தமயந்தி அவர்கள் விரலைக் கடித்தாள். விடவில்லை. கடமை. முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி மூன்று சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் கூட்டம் காலை விட்டது.

மூன்று இடத்தில் முறிவு, நரம்பும் அறுந்துபோயிற்று என்றார் அரக்கோணத்து டாக்டர். இனி இந்தக் கை மௌஸ் பிடிக்காது. பரந்தாமன் கட்டிலில் கிடந்து குழந்தை மாதிரி அழுதான். அழுதுகொண்டிருக்கும்போதே, இனி ஒரு பயலும் தலையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டான் என்று தோன்றியது. அந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டான். ஆனாலும் நிம்மதி நிம்மதிதான். "வுடுங்க. சோறு நான் ஊட்டறேன்" என்று தமயந்தி அவன் தலையைத் தடவினாள்.

மூன்றாம் நாள் குழுவினர் ஏழு பேரும் மாலையும் சாத்துக்குடியுமாக ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்தார்கள். பின்னாலேயே உபகுழுவினர் நான்கு பேரும் வந்தார்கள். பெருமாள் கையில் கோப்பு இருந்தது.

"நடந்ததுக்குக் குழு ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிச்சுக்குது. விசாரிச்சுப் பார்த்ததுல உபகுழு விதிப்படிதான் நடந்துகீது. கையை அவங்க வுடல, ஒடம்புதான் அந்தாண்ட போச்சு. ஆக, குத்தம் ஒடம்பு மேல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்ப நூத்திப் பதினாலு மனு நிலுவையில நிக்குது. தேர்தல் வேற வந்துகினு கீது. பன்னெண்டு கை வெச்ச சாமி ஊர்ல பொறந்துட்டு, ஒரு கை போச்சுன்னு அழலாமாப்பா? உனக்கு ரெண்டு குடுத்துகீறான். நாமதான் ஒண்ணுக்கு மட்டும் உபகுழு போட்டுட்டோம். இன்னொண்ணுக்கும் போட்டுட்டா தீர்ந்துது."

பரந்தாமன் பிறந்ததிலிருந்து யாரையும் அடித்ததில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் இரும்புக் கம்பி நின்றது. அதை இடது கையால் தூக்கி, பாட்டிலும் டியூபும் பறக்க, பெருமாளின் நெற்றியில் இறக்கினான். நெற்றி பிளந்தது. ரத்தம் மூக்கு வழியாக வழிந்து கோப்பில் சொட்டியது. பெருமாள் உட்கார்ந்தபடியே மெதுவாகச் சாய்ந்தார்.

எல்லோரும் காரியதரிசி தணிகாசலத்தைப் பார்த்தார்கள். அவர் பேனாவைத் திறந்து எழுதி, எழுதியதை வாசித்தார்: "பதாகைக் கலைஞரின் இடது கை நல்ல நிலையில் இயங்குவது குழுவினர் அனைவர் முன்னிலையிலும் நேரில் கண்டறியப்பட்டது."

பெருமாள் கைக்குட்டையால் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "வேகம் பத்தாதோன்னு பயந்துகினு இருந்தேன்" என்றார். "பத்தும்."

வலது கை போனவன் கையெழுத்துப் போட முடியாது என்பதால் கைநாட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. தமயந்தி குறுக்கே விழுந்தாள். கோதண்டமும் சடகோபனும் ஆளுக்கொரு பக்கம் அவளைப் பிடித்து நிறுத்தினார்கள். உபகுழுவினர் நான்கு பேரும் பரந்தாமனின் இடது கையைப் பற்றி, கட்டைவிரலை மையில் அழுத்தி, தீர்மானத்தின் அடியில் உருட்டி எடுத்தார்கள்.

அதற்குப் பிறகும் அவர்கள் கையை விடவில்லை.